துவர்ப்புக்கு நேரம் வேண்டும்

கடுக்காயின் துவர்ப்பு உடனே வருவதில்லை. தோலைப் பல்லால் நறுக்கியதும் முதலில் லேசான புளிப்பு தட்டும். பின்னாலேயே ஒரு கசப்பு. அதற்கும் பிறகுதான் நாக்கின் ஓரங்களும் உள்கன்னமும் இறுகத் தொடங்கும், எச்சில் வற்றும். துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவருக்கு அது வெறும் கசப்புக்காய். வாயிலேயே வைத்திருப்பவருக்கு அந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கடைசியில் வாய் கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். அப்போது குடிக்கும் தண்ணீரின் ருசியே வேறு.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கமெல்லாம், பனி குறைந்து வெயில் ஏறும் மாதங்களில் வீட்டு வாசல்களில் கடுக்காய் காயும். மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கி வந்து உலர்த்தி, கூட்டுறவான லேம்ப்ஸ் சங்கத்திலோ வியாபாரிகளிடமோ எடை போடுவார்கள். வாங்க வருகிறவர் காயை உடைத்து உள்ளே பார்ப்பார். நான் பார்த்த பெரியவர்கள் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எந்தக் காட்டுக் காய், முற்றியதா, மழையில் நனைந்து காய்ந்ததா என்று பிறகு சொல்வார்கள். ருசி பார்ப்பது என்றால் என்ன என்று நான் கற்றது அங்கேதான். பின்னால் சிவப்பு ஒயினைக் கையில் எடுத்தபோது புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் போதும்.

இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை மேம்போக்கானதில்லை. வாயை இறுக்குவது டானின். எச்சிலில் இருக்கும் புரதங்களோடு அது சேர்ந்து படிந்துவிடுவதால், நாக்கும் அண்ணமும் வழுவழுப்பை இழந்து ஒன்றோடொன்று உராய்கின்றன. தோல் பதனிடுவதிலும் இதே வேலைதான், எச்சிலின் புரதத்துக்குப் பதில் விலங்குத் தோலின் புரதம். அதனால்தான் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலுக்கு ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் கடுக்காயும் தேவைப்பட்டன. வெள்ளையர் காலத்தில் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி ஐரோப்பியத் தோல் ஆலைகளுக்குப் போனது. அதுவரை அவர்கள் பெரிதும் நம்பியிருந்தது ஓக் மரத்தின் பட்டையை. ஓக் பீப்பாயில் ஒயினை வைத்தால் மரத்திலிருந்து இறங்கும் டானினும் கடுக்காயில் இருக்கும் டானினும் வேதியியலில் ஒரே குடும்பம். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது வேறு குடும்பம். ஆக, பீப்பாயில் கிடந்த ஒரு ரியோஹா ஒயினைக் குடிக்கும்போது திராட்சையின் துவர்ப்புக்கு அடியில், தாமதமாக, என் மலையின் துவர்ப்பும் வருகிறது. அப்படி எனக்குத் தோன்றுவது ஊர்ப்பாசத்தால் மட்டுமில்லை என்று தெரிந்த நாளில் பெரிய மகிழ்ச்சி.

இன்னொன்றும் உண்டு. கடுக்காயை மருந்துக்கு எடுக்கும்போது கொட்டையை நஞ்சு என்று நீக்கிவிடுவார்கள், தோல் மட்டும்தான் வேண்டும். சிவப்பு ஒயின் செய்கிறவர்களும் திராட்சையைப் பிழியும்போது விதை நசுங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். விதை உடைந்தால் முரட்டுக் கசப்பு இறங்கிவிடும். எது துவர்ப்பு, எது அதைக் கெடுக்கும் கசப்பு என்ற பாகுபாட்டை இரண்டு நிலங்களும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

நான் குடிக்கிற ஒயின்கள் விலை உயர்ந்தவை அல்ல. புதுச்சேரியில் இருக்கும் நண்பரின் வீட்டில், அவர் சமையலோடு, பொழுது சாய்ந்த பிறகு ஒரு பாட்டிலை மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்வோம். அனுமதி இல்லாமல் பாட்டிலோடு எல்லை தாண்டி வரக்கூடாது என்பதால் அங்கே திறந்தது அங்கேயே முடியும். அதுவும் நல்லதுதான், அவசரம் இருக்காது. வெளிநாட்டு ஒயினுக்குப் பல்லாண்டுகளாக 150 சதவீத இறக்குமதி வரி இருந்து வந்ததால், ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பம் தினமும் மேசையில் வைக்கும் பாட்டில் இங்கே விசேஷத்துக்கு வாங்குவதாகிவிடுகிறது. ஆகவே பாதி நாள் நந்தி மலையிலும் மகாராஷ்டிரத்திலும் ஐரோப்பிய முறையில் செய்யப்படும் நம் நாட்டு ஒயின்களையே எடுக்கிறோம்.

சாதாரணப் போர்தோ ஒன்றில் தொடங்குகிறேன். பெரும்பகுதி மெர்லோ, கொஞ்சம் கேபர்னே சாவிஞ்ஞான். மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குக் கிடைப்பது நறுக்கிய குடைமிளகாய். இது கற்பனை இல்லை. கேபர்னே குடும்பத் திராட்சைகளில் இருக்கும் பைரசின் என்ற மணப்பொருள் குடைமிளகாயிலும் இருக்கிறது. திராட்சை நன்றாகப் பழுக்காத ஆண்டில் அது தூக்கலாகத் தெரியும். அதற்குப் பிறகு மழை விழுந்த செம்மண், பென்சில் சீவிய மரத்தூள். வாயில் பழம் குறைவு, இறுக்கம் அதிகம். தனியாகக் குடிக்க எனக்குப் பிடிக்காது. ஆட்டுக்கறிச் சுக்காவோடு வைத்தால் முகமே மாறிவிடும். கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் டானின் மல்லுக்கு நின்று ஓய்ந்துவிட, அதுவரை ஒளிந்திருந்த பழம் மேலே வருகிறது. இந்த ஒயினைச் சாப்பாட்டுக்கென்றே செய்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் குடிக்கிறவரை அது விரட்டிவிடும்.

கோத் து ரோன் வேறு மாதிரி. கிரெனாஷ் திராட்சையின் கனிவும் சூடும் முன்னால் நிற்கும், சிரா சேர்ந்திருந்தால் மிளகு வாசனை வரும். மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற பொருள்தான் சிராவிலும் அந்த வாசனையைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டு சொன்னார்கள். மிளகு ரசம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த ஒயின் முதல் மிடறிலேயே சொந்தமாகிவிடும். ஆனால் நம் ஊர்க் காரத்தோடு இதைச் சேர்க்கக்கூடாது. ஆல்கஹால் அதிகமான ஒயின் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும்.

ரியோஹா கிரியான்ஸா என்ற வகை, சட்டப்படி இரண்டு ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். அங்கே அமெரிக்க ஓக்கைப் பயன்படுத்துவது நெடுநாள் வழக்கம். அந்த மரம் தரும் வாசனையைக் கொப்பரை காயும் களத்தில் நின்றவர் எவரும் அடையாளம் சொல்லிவிடுவார். டெம்ப்ரானியோ திராட்சையின் பழத்தோடு அந்தக் கொப்பரை வாசனையும், கடைசியில் நான் சொன்ன அந்தத் தாமதமான துவர்ப்பும். நான் குடித்த நடுத்தர விலைச் சிவப்புகளில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

நந்தி மலைச் சரிவில் விளையும் குரோவரின் 'லா ரிசர்வ்' கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. போர்தோவைச் சேர்ந்த மிஷெல் ரோலான் ஆலோசனை சொல்லி உருவானது. நம் வெயிலில் பழுத்த பழத்தின் நிறைவு இதில் உண்டு, போர்தோவின் இறுக்கம் இல்லை. சோலாப்பூர் மாவட்டத்து அக்லுஜில் ஃப்ராட்டெல்லிக்காரர்கள் பயிரிடும் சாஞ்சியோவேசே எனக்கு இன்னும் பிடிக்கும். இத்தாலியில் கியாந்தி செய்யும் அதே திராட்சை. இதன் உயிர் புளிப்பில் இருக்கிறது. ஐரோப்பியர் அதைத் தக்காளியோடு சேர்க்கிறார்கள். நம் வீட்டில் புளிக்குழம்பு இருக்கிறதே! மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, சாமைச் சோறு, இந்த ஒயின். புளிப்புக்கு முன்னால் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும், சாஞ்சியோவேசே மட்டும் நிமிர்ந்து நிற்கும். கருவாட்டுக் குழம்போடு மட்டும் எந்தச் சிவப்பையும் வைத்துவிடக்கூடாது. சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனின் எண்ணெயோடு சேர்ந்து வாயில் ஒரு கவிச்சையை விட்டுப்போகும்.

ஒயின் புத்தகங்கள் கறுப்பு கரண்ட், ராஸ்பெரி, சீடர் மரம் என்று அடுக்குகின்றன. நான் வளர்ந்த சின்னசேலம் பக்கத்தில் அவை எதையும் கண்டதில்லை. அதற்காக நாக்கு ஊமையாகிவிடவில்லை. நாவல்பழம் இருக்கிறது, அதன் இனிப்பைத் தொடர்ந்து நாக்கை ஊதாவாக்கிவிட்டு இறுக்கும் துவர்ப்போடு. களாக்காய், இலந்தை, கொடுக்காப்புளி, மாதுளையின் உள்தோல் இருக்கின்றன. மெர்லோவைக் குடித்து நாவல் என்கிறேன், சாஞ்சியோவேசேயைக் குடித்துக் களா என்கிறேன். மலையில் கடுக்காய் வாங்கி விற்கும் ஒரு பெரியவரைப் புதுச்சேரிக்கு வந்திருந்தபோது எங்களோடு உட்கார வைத்தோம். ஒரு வாய் 'லா ரிசர்வ்' எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். "இது இன்னும் எளசு தம்பி, ரெண்டு வருஷம் சும்மா கெடக்கணும்" என்றார். டானின் மூலக்கூறுகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைந்து மென்மையாகின்றன என்று நூல்கள் சொல்லும் செய்திதான் இது. அவருக்கு அதைச் சொல்ல நூல் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது ருசியைப் பற்றிய கட்டுரையாக நிம்மதியாக முடிந்துவிடும். ஆனால் கள்ளக்குறிச்சிக்காரன் ஒருவன் குடிக்கும் பொருளைப் பற்றி எழுதிவிட்டு 2024 ஜூனைப் பேசாமல் போக முடியாது. முடிந்தாலும் போகக்கூடாது.

அந்த மாதம் 18-ஆம் தேதி கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பொட்டலச் சாராயம் குடித்தவர்கள் மறுநாளிலிருந்து விழத் தொடங்கினார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் படுக்கைகள் நிரம்பின. 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், பெரும்பாலோர் தலித்துகள். பெண்களும் இருந்தார்கள். தாய் தந்தை இருவரையும் ஒன்றாக இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இதெல்லாம் நடந்த தெரு காவல் நிலையத்திலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே நஞ்சு இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

நஞ்சின் பெயர் மெத்தனால். நாக்கைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதியவன் இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. சாராயத்தில் கலந்துவிட்டால் வாசனையிலும் ருசியிலும் அது எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஒளிந்துகொள்கிறது. கடுக்காயைத் தரம் பிரிக்கும் பெரியவராலும் முடியாது, உலகின் பேர்பெற்ற ஒயின் நிபுணராலும் முடியாது. குடித்தவுடன் சாதாரணப் போதைதான். கல்லீரலின் நொதிகள் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிய பின்னரே கெடுதல் தொடங்குகிறது. அதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அந்த அமிலம் உயிரணுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. முதலில் பலியாவது பார்வை நரம்பு. 10 மில்லி தூய மெத்தனாலே கண்ணைப் பறிக்கப் போதும். வயிற்று வலி, கண் மங்கல் என்று உணரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். மருத்துவமனையில் ஃபோமெபிசோலோ எத்தனாலோ கொடுத்து அந்த நொதிகள் மெத்தனாலை மாற்றாமல் தடுக்கிறார்கள், ரத்தத்தை டயாலிசிஸில் சுத்தம் செய்கிறார்கள். சீக்கிரம் வந்தவர்கள்தான் பிழைக்கிறார்கள்.

சிவப்பு ஒயினிலும் இயற்கையாகவே மெத்தனால் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். திராட்சைத் தோலின் பெக்டின் சிதைவதால் அது உண்டாகிறது. தோலோடு ஊறுவதால் வெள்ளையைவிடச் சிவப்பில் அதிகம். சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு சிவப்புக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றும், வெள்ளைக்கும் ரோஸுக்கும் 250 என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. உச்சவரம்பைத் தொட்ட ஒயினாகவே இருந்தாலும் 150 மில்லி கோப்பையில் 60 மில்லிகிராம்தான். பார்வையைப் பறிக்கும் அந்த 10 மில்லி என்பது ஏறக்குறைய 8 கிராம். நூறு மடங்குக்கும் மேல். என் கோப்பைக்கும் அந்தப் பொட்டலத்துக்கும் இருந்த வேறுபாடு ருசியில் இல்லை, பண்பாட்டிலும் இல்லை. என் பாட்டிலில் இருப்பதை யாரோ அளந்திருக்கிறார்கள். அதன் மேல் ஆண்டும் ஊரும் திராட்சையின் பெயரும் செய்தவரின் முகவரியும் இருக்கின்றன. தவறு நேர்ந்தால் பிடிக்க ஓர் ஆள் இருக்கிறார். கருணாபுரத்துப் பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இதைச் சொல்லும்போது மலையின் மேல் படிந்துவிட்ட ஒரு பழியையும் துடைக்க வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று செய்தித்தாள்கள் பழக்கிவிட்டன. ஓடையோரங்களில் பேரல்களில் ஊறல் போடுவதும் போலீசார் அதைக் கொட்டி அழிப்பதும் உண்மை. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் புளிக்க வைத்து, வடித்து, லாரி டியூபில் இறக்குவார்கள். தோல் பதனிட்ட அதே வேலம்பட்டைத் துவர்ப்பு அங்கேயும் வந்துவிடுகிறது. அந்தச் சாராயம் சட்டத்துக்குப் புறம்பானது, உடலுக்கும் குடும்பத்துக்கும் கேடு. மறுக்கவில்லை. ஆனால் வெல்லத்தைப் புளிக்க வைத்து வடித்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது, அதற்கான பெக்டின் வெல்லத்தில் இல்லை. கருணாபுரத்தில் கொன்றது தொழிற்சாலைக்கான மெத்தனால். அது மலையில் விளைந்ததல்ல.

விஜயநகர அரசர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மூன்று ஜாகிர்களின் கீழ் இந்த மலை 1976 வரை கிடந்தது. சுதந்திர இந்தியாவின் சாலையும் பள்ளியும் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகே இங்கே ஏறத் தொடங்கின. சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையையே ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு சாலை, பேருந்து, அடிப்படை வசதிகளைப் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையை ஆயுள் சிறை வரை கூட்டியதைவிட இந்தக் கேள்விகளே பெரியவை என்பது என் எண்ணம்.

அடிவாரத்தில் கச்சிராயப்பாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது, வடக்கே மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ்தான் நம் நாட்டில் பெரும்பாலான பிராந்தி, ரம், விஸ்கிக்கு மூலம். பிராந்தி என்று எழுதியிருக்கும் பாட்டிலில் பெரும்பாலும் திராட்சை இருக்காது, மொலாசஸ் ஸ்பிரிட்டும் நிறமும் மணமும் இருக்கும். ஆல்கஹால் 42.8 சதவீதம். வாயில் வைத்துக்கொண்டு யோசிக்கும்படி அதில் ஒன்றுமில்லை. எரியும் முன் விழுங்கிவிட்டு ஊறுகாயைத் தொட வேண்டும். டாஸ்மாக் சில்லறை விற்பனையை 2003-இல் எடுத்துக்கொண்டதிலிருந்து இதுவே குடியின் இலக்கணமாகிவிட்டது. 2023-24-இல் இதிலிருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

அதற்கும் கையில் காசு போதாதவர் பொட்டலத்துக்குப் போகிறார். நாள் முழுதும் மூட்டை தூக்கியவர், சாக்கடையில் இறங்கியவர், உடம்பு வலியை மறக்க வேண்டும், சீக்கிரம் மறக்க வேண்டும், பிடிபடுவதற்குள் முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் நாக்குக்கு எந்த வேலையும் இல்லை. ருசி பார்க்க மூன்று வேண்டும்: நேரம், கூடவே சாப்பாடு, குடிப்பது கொல்லாது என்ற உறுதி. இவை மூன்றும் எனக்கு இருக்கின்றன. ஒரு கூலித் தொழிலாளிக்கு மூன்றுமே இல்லை. ஏழைகளுக்கு ருசி தெரியாது, போதைதான் வேண்டும் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தானியத்தின் பழமையை, கருவாட்டின் உப்பை, தண்ணீர் எந்தக் கிணற்றது என்பதை நாக்கால் சொல்லும் மக்கள் அவர்கள். குடியில் மட்டும் அந்த நாக்கைக் கேட்கவிடாமல் செய்துவிட்டோம்.

இந்த நிலத்தின் பழைய குடி அப்படி இருக்கவில்லை. இதற்கு வடக்கே செங்கத்து நன்னனின் மலையைப் பாடிய மலைபடுகடாம், வழிப்போக்கரான கூத்தருக்கு மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளைக் கொடுப்பதைச் சொல்கிறது. ஓக் பீப்பாய்க்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் பதில் அந்த மூங்கில். அதே காலத்தில், நாங்கள் உட்கார்ந்து குடிக்கும் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில், யவனக் கப்பல்கள் கூர்அடி ஜாடிகளில் ஒயினை இறக்கிக்கொண்டிருந்தன. 1945-இல் மார்ட்டிமர் வீலரும் பிறகு விமலா பெக்லியும் தோண்டியபோது அந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கிரேக்கத்துக் கோஸ் தீவின் பாணியிலானவையும் இத்தாலிய ஜாடிகளும் அவற்றில் உண்டு. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் பொற்கலத்தில் குடிப்பதைப் பாடுகிறார். கப்பலில் வந்தது அன்றும் அரசனுக்கே, மூங்கிலில் விளைந்தது வழிப்போக்கனுக்கும் கிடைத்தது.

ஆனால் எனக்கு மிகவும் வேண்டிய பாட்டு 123. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று இருக்கும் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் பாடியது. காலையிலேயே குடித்துக் களித்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது, குடிக்காமல் இருக்கும்போதும் காரி கொடுக்கும் தேர்களோ முள்ளூர் மலையில் விழும் மழைத்துளியைவிட அதிகம் என்கிறார். குடியைப் பழிக்கவில்லை அந்தப் பாட்டு. குடியால் வந்த தாராளத்தையும் தெளிவில் இருந்து வரும் தாராளத்தையும் பிரித்துப் பார்க்கிறது. குடியும் தெளிவும் ஒரே வாழ்க்கையில் இருக்கலாம், எது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி என்று அறிந்த ஒரு சமூகத்தின் குரல் அது.

கள்ளை 1987 ஜனவரியில் தடை செய்தோம். புதிதாக இறக்கிய கள்ளில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பனையும் தென்னையும் எதிரே நிற்கும், இறக்கியவர் யார் என்று ஊருக்குத் தெரியும், பொழுது ஏறினால் புளித்துவிடும் என்பதால் பதுக்கவும் முடியாது. அதைக் குற்றமாக்கிவிட்டு 42.8 சதவீதத்தை அரசே விற்பது சரியென்று எனக்கு எந்த நாளும் பட்டதில்லை. கள்ளிலும் கலப்படம் நடந்தது என்பார்கள், நடந்தது. கலப்படத்தைத் தடுப்பதற்குப் பதில் பானத்தையே தடுத்தோம். மென்மையான, உள்ளூரான, சாப்பாட்டோடு சேரக்கூடிய எதுவும் ஏழைக்கு எட்டும் விலையில் இல்லை. கடுமையானதும் நஞ்சானதும் மட்டும் எட்டுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த ரோஜா மணமுள்ள பழத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் இனிப்பு ஒயின் ஊறுவதோடு சரி. நம் ஊர்க்காரர் வாங்கக்கூடிய ஒரு நல்ல மேசை ஒயின் அதிலிருந்து வந்து கடைகளில் நின்றதை நான் பார்த்ததில்லை.

மதுவே வேண்டாம் என்று சொல்லும் பெண்களின் போராட்டத்துக்கு எதிராக இதையெல்லாம் நான் வைக்கவில்லை. அவர்கள் இழந்ததை நான் இழக்கவில்லை. ஒரு கடையை மூடச் சொல்லி அவர்கள் உட்கார்ந்தால் அந்தக் கடை மூடப்பட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு சாஞ்சியோவேசேயை எடுங்கள். குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். நம் கோடையில் அலமாரியில் வெந்த பாட்டில் கார்க்கைத் தள்ளிக்கொண்டு நிற்கும், உள்ளே அவித்த கொடிமுந்திரி வாசனை அடிக்கும். குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எழுதியவர்களின் அறை 18 டிகிரி. புளிக்குழம்போ கறியோ சமைத்து வையுங்கள். வண்டி ஓட்டும் நாளில் வேண்டாம். ஒரு கோப்பையில் நிற்க முடியாதவர் அதைத் தொடவே வேண்டாம். குடியை விட்டுவிடப் பாடுபடும் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது நான் பாட்டில் கொண்டுபோவதில்லை. அங்கே ஒயினைப் பற்றிப் பேச்சும் எடுப்பதில்லை.